புரோட்டீன் கூடுதலாம்

கையெழுத்துப் போட்டுட்டீங்களா? கையில இருக்கற மஞ்சள் கவரைப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க, நீங்களும் அந்த ஆசுபத்திரியில இருந்துதான் ஏறியிருக்கீங்கன்னு. யாருக்கு, அக்காவுக்கா? ரத்தப் புத்துநோயா? சரிங்க. ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் தரச் சொல்லிக் கேட்டிருப்பாங்களே. குடுங்க, தப்பில்லை. எப்படியும் எடுக்கற ரத்தம்தான், அதுல கொஞ்சம் அவங்க எடுத்துக்குவாங்க, அவ்வளவுதான். ஆனா அதுல என்ன வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. நான் கேட்டேன்.

அந்தா முன்னால, டிரைவருக்குப் பின்னாடி, மாஸ்க் போட்டுட்டு ஜன்னலோரம் ஒக்காந்திருக்குதே, அதுதான் எம் பொண்டாட்டி. கோகிலவாணி. கோகிலம்னு கூப்புடுவேன். அதே சீக்குதானுங்க. இன்னைக்கு டாக்டர் பாத்துட்டு, நல்லாருக்குது, இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னு சொல்லிட்டாரு. சந்தோசம்தானுங்க. சந்தோசம்தான். மெதுவாப் பேசுங்க. வண்டிச் சத்தத்துல அவளுக்குக் கேக்காது, இருந்தாலும் மெதுவாப் பேசுங்க.

எம் பேரு நல்லசிவம். சங்ககிரி பைபாஸ்ல எடைமேடை வெச்சிருக்கேன். லாரி வந்து மேடையில ஏறி நிக்கும், நம்பர் காட்டும், சீட்டைக் கிழிச்சுக் குடுப்பேன். டிரைவரு சண்டைக்கு வருவான், நான் அவ்வளவு லோடு ஏத்தலைம்பான். அதை எங்கிட்டச் சொல்லாத, மேடைகிட்டச் சொல்லும்பேன். இத்தன வருசமா அதுதானுங்க எம் பொழப்பு. நம்பர் வந்துருச்சுன்னா வந்துருச்சு. அதுக்கப்பறம் பேச்சு இல்லை. நீங்களே சொல்லுங்க, அப்படி இருக்கறவன்கிட்ட ஒரு அளவைச் சொன்னா அவன் என்ன பண்ணுவான்?

முந்தின வருசம் ஐப்பசியில ஆரம்பிச்சுது. பல்லு வெளக்குனா ரத்தம், தொடையெல்லாம் நீலம் நீலமா. சங்ககிரியில பாத்து, ஈரோட்டுல பாத்து, கோயமுத்தூருக்குத் தாட்டிவிட்டாங்க. என்ன சீக்குன்னு அவகிட்ட மறைக்கலைங்க. மறைச்சாலும் விடமாட்டா. மொத ரவுண்டு கீமோ, ஒரு மாசம் உள்ளயே இருக்கோணும், அப்பறம் இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்துப் பாத்தாத்தான் மருந்து கேட்டுச்சா இல்லையான்னு தெரியும்னாங்க. சரின்னேன்.

அப்பத்தான் அந்தப் பெனிட்டா வந்துச்சு. நாகர்கோயில் பக்கம். டாக்டர் இல்லைங்க, ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கற புள்ள. கையில ஒரு சின்ன ஐஸ் பெட்டி. நல்ல புள்ளைதான், நான் இல்லைங்கல. கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு ஒக்காந்து பொறுமையாச் சொல்லுச்சு. "ஆன்ட்டி, ஒரே சீக்கு, ஒரே மருந்து, ஆனா சிலபேருக்குக் கேக்குது, சிலபேருக்குக் கேக்க மாட்டேங்குது. யாருக்குக் கேக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சா, கேக்காதவங்களை இந்தப் பாடு படுத்த வேண்டாம் பாருங்க. ரத்தத்துல, மஜ்ஜையில இருக்கற சில புரோட்டீனை அளந்தா அதைச் சொல்ல முடியுமான்னு பாக்கறோம்." கோகிலம் கேட்டா, "என்ற ரத்தம் கெட்டும் யாருக்கோ ஒபயோகப்படுதா அம்மிணி?" அந்தப் புள்ள சிரிச்சுது. ரிசல்ட் நம்மளுக்குத் தரமாட்டாங்களாம், இது வெறும் ஆராய்ச்சிக்குத்தானாம். அதையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்குச்சு. அவ போட்டா, சாட்சிக்கு நானும் போட்டேன்.

போறப்ப நான் பின்னாடியே போயி, அது என்னம்மா புரோட்டீன், எப்படி அளப்பீங்கன்னு கேட்டேன். அளவுன்னு சொன்னா நான் விடமாட்டனுங்க. அது நின்னு, கவர் பின்னாடி ஒரு படம் போட்டுக் காட்டுச்சு. ஒரு புரோட்டீன் இருக்குதாம், அது கூடுதலா இருக்கறவங்களுக்கு மருந்து கேக்கறது கம்மியாம். கம்மியா இருக்கறவங்களுக்கு நல்லாக் கேக்குதாம். இதுவரைக்கும் பாத்ததுல அப்படித் தெரியுது, இன்னும் நெறையப் பேரைப் பாக்கோணும் அங்கிள்னுச்சு. எனக்கு அது போதுமுங்க. மேடை எது, நம்பர் எதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

ரெண்டாவது வாரம் அவ நெலைமை பாக்க முடியலைங்க. வாயெல்லாம் புண்ணு, எச்சி முழுங்க முடியலை. காய்ச்சல் எறங்கவே இல்லை. தலைமுடி தலகாணியில ஒட்டிட்டுக் கெடந்துது. என்னைக் கண்ணாடிக்கு அக்கட்டாலதான் நிக்க விட்டாங்க. டாக்டரைக் கேட்டா, "மருந்து வேலை செய்யறப்ப இப்படித்தான் இருக்கும், மஜ்ஜை பாக்கற வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது"ம்பாரு. ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்றவரை வெச்சுட்டு என்னுங்க பண்றது? நான் பெனிட்டாவைப் புடிச்சுட்டேன். கேண்டீன்ல பாத்தா கேப்பேன், லிஃப்ட்டுகிட்டப் பாத்தா கேப்பேன். அது சொல்லக்கூடாது அங்கிள், சொல்லக்கூடாது அங்கிள்ங்கும். என்ற சம்சாரத்தோட ரத்தம், எனக்குத் தெரியக்கூடாதாம்மான்னு ஒரு நாள் மாடிப்படியில வழியை மறிச்சுட்டு நின்னுட்டேன். அழுதுட்டேன்னு நெனைக்கறேன். அது அங்கயும் இங்கயும் பாத்துட்டு, "அங்கிள், அந்தப் புரோட்டீன் ஆன்ட்டிக்குக் கூடுதலாத்தான் இருக்கு. ஆனா இதை வெச்சு ஒருத்தரைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னுச்சு. சொல்லிட்டு வேகமா எறங்கிப் போயிருச்சு.

கூடுதலாத்தான் இருக்கு. அவ்வளவுதானுங்க. அந்தப் படியிலயே ஒக்காந்துட்டேன். அப்பறம் ஒரு மாதிரி மரத்துப்போச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த மரத்துப்போனது முழுசா விடலைங்க. அது வேற கதை.

எங்களுக்கு ஒரே பொண்ணு. மிதுனா. அப்ப வேளாண் கல்லூரியில ரெண்டாவது வருசம். ஊர்ல யாருக்கும் கெடைக்காத சீட்டு, மார்க்குலயே வாங்குனா. மண்ணு, வெதைன்னு வந்தாப் பேச்சு நிக்காது. அவளைக் காலேஜ்ல இருந்து கூப்புட்டு, ஆசுபத்திரிக்கு எதுத்தாப்புல பேக்கரியில ஒக்கார வெச்சுச் சொன்னேன். "அம்மிணி, அம்மா தேறமாட்டா. டெஸ்ட்டுல தெரிஞ்சுபோச்சு." அவ அழுகலை. டீ ஆறுற வரைக்கும் கிளாஸையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் நான் மிச்சத்தையும் சொன்னேன். வீட்டுல ஒரு காரியம் ஆயிருச்சுன்னா வருசம் திரும்பற வரைக்கும் நல்லது பண்ண முடியாது. அம்மா கண்ணாலப் பாத்துட்டுப் போகட்டும் கண்ணு. காங்கேயத்துக்காரங்க முன்னாடியே கேட்டுட்டு இருக்கறாங்க, கொப்பரைக் களம், நல்ல குடும்பம், படிப்பை அங்க போயியும் படிச்சுக்கலாம்னேன்.

"அம்மாவுக்காகன்னா சரிங்கப்பா"ன்னா.

இதுல எம்மேல என்னங்க தப்பு? இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்குங்க. பொண்டாட்டி இல்லாதவன் மக கல்யாணத்துல தாரை வார்க்க முடியாது. பங்காளி வீட்டு ஜோடி ஒண்ணு வந்து நின்னு என்ற பொண்ணை வார்த்துக் குடுப்பாங்க, நான் கீழ சேர்ல ஒக்காந்து பாத்துட்டு இருக்கோணும். ஒத்தப் பொண்ணைப் பெத்து, அதை ஊரான் கையால குடுக்கறதா? என்ற கையால குடுக்கோணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? நானும் மனுசன்தானுங்க.

கோகிலத்துக்கிட்ட எப்படிச் சொல்றது? நீ போயிருவ, அதனால சீக்கிரம் வெக்கறோம்னா சொல்ல முடியும்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு போன்ல சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுல அவசரப்படறாங்க, நம்ம புள்ளைக்கும் புடிச்சுப்போச்சு, அவளே தை மாசத்துலயே வெச்சுருங்கப்பாங்கறான்னு. அந்த நேரத்துக்கு வாயில அதுதான் வந்துது. அவ உள்ள இருந்து என்னையே பாத்தா. "அவளா சொன்னா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "சரி, அவ இஷ்டம்"னு போனை வெச்சுட்டா. அன்னைக்குக் கஞ்சி குடிக்கலைன்னு நர்ஸ் சொல்லுச்சு.

மண்டபம் சொல்லியாச்சு. பத்திரிகை அடிச்சு ஒறம்பரை சனத்துக்கெல்லாம் வெச்சாச்சு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மஜ்ஜை ரிசல்ட் வந்துது. டாக்டர் சிரிச்சுட்டே கூப்புட்டாருங்க. அந்த ஆளு சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாக்கறேன். "நல்லாக் கேட்டிருக்கு, மஜ்ஜையில சீக்கு தெரியலை. இனி மிச்ச ரவுண்டும் முடிச்சுட்டாப் போதும்"னாரு. நான் கேட்டேன், "அந்தப் புரோட்டீன் கூடுதல்னு சொன்னாங்களே"ன்னு. "எந்தப் புரோட்டீன்?"னாரு. நான் வாயை மூடிட்டேன். பாவம், அந்தப் புள்ள மாட்டிக்கும்.

மிதுனாவுக்குச் சொன்னேன். அவ ஆசுபத்திரி வாசல்ல நின்னுட்டு இருந்தா. மொகம் அப்படியே மலந்துது. "அப்பா, அப்ப நிறுத்திரலாமாப்பா?"ன்னா. நான் சொன்னேன், கண்ணு, அவசரப்படாத, இது இப்பத்திக்குத்தான். அந்த டெஸ்ட்டுல கூடுதல்னு வந்திருக்குது, திரும்பி வந்துரும். பத்திரிகையும் குடுத்தாச்சு, காங்கேயத்துக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது? அவ துப்பட்டா நுனியை எடுத்துக் கையில சுத்திட்டே நின்னா. அப்பறம் ஹாஸ்டலைக் காலி பண்ணப் போயிட்டா.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நிறுத்தியிருக்கலாம்னுதானே? எல்லாரும் இப்பச் சொல்லுவாங்க. ஒரு வேளை நிறுத்தி, சீக்கு திரும்பி வந்து, அவ போயிருந்தா? அப்ப என்ன சொல்லுவீங்க? பாருங்க, யாராலயும் பதில் சொல்ல முடியாது.

கல்யாணம் நல்லபடியா நடந்துதுங்க. டாக்டரைக் கேட்டுட்டு, மாஸ்க் போட்டு, தலையில துண்டைக் கட்டி, கோகிலத்தை ஓரமா ஃபேன்கிட்ட ஒக்கார வெச்சிருந்தோம். தாரை வார்க்கறப்ப மட்டும் மணவறைக்கு வந்து எம் பக்கத்துல நின்னா. சொம்பை நானும் சேந்து தாங்கிட்டேன். பாத்த சனமெல்லாம் கண்ணைத் தொடைச்சுது. மிதுனா அவ அம்மா மொகத்தையே பாத்துட்டு இருந்தா. கோகிலம் தண்ணியைத்தான் பாத்தா, மகளை நிமிந்து பாக்கலை. எனக்கு மனசு நெறைஞ்சுபோச்சுங்க, அதைச் சொல்லத்தான் வேணும். என்ற கையால குடுத்தேன்.

அப்பறம் ரவுண்டு ரவுண்டா மருந்து. ஒவ்வொரு தடவையும் நான் இந்தத் தடவை உசுரு போயிரும், இந்தத் தடவை போயிரும்னு இருப்பேன். போகலை. முடி மொளைச்சுது. சோறு தின்னா. ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கெளம்பிட்டா. இப்ப வருசம் தாண்டிருச்சு.

ஆனா மகளோட பேசறதில்லைங்க. அவ வந்தா எந்திரிச்சு உள்ள போயிருவா. போன் வந்தா எங்கிட்ட நீட்டிருவா. ஏன் புள்ள இப்படின்னு கேட்டா, "பெத்தவ சாகக் கெடக்கறப்ப மாலைக்குக் கழுத்தை நீட்டுனவ. பொறுக்க முடியாமப் போச்சாக்கும். படிப்பையும் விட்டுப்போட்டு ஓடுனாளே"ம்பா. நான் என்ன சொல்றது? சின்னப் புள்ளை, விடு விடும்பேன். தாயும் மகளும் இன்னைக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குச் சேந்துக்குவாங்க. நடுவுல நான் போயி எதைச் சொல்லி எதைக் கெளர்றது?

மிதுனா படிக்கலைங்க. அங்க போயி எங்க படிக்கறது. களத்துல கொப்பரை காயறதைப் பாத்துக்கறா. மாப்பிள்ளை நல்லவர்தான், கை நீட்டறதெல்லாம் கெடையாது. இப்ப மாசமா இருக்கறா. தலப்பிரசவம் தாய் வீட்டுலதானுங்களே நம்ம பக்கம். வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டு வரோணும். கோகிலம் முடியாதுன்னுட்டா. "இங்க வரவேண்டாம், அவ ஓடுன எடத்துலயே பெத்துக்கட்டும்"னுட்டா. சம்பந்தி வீட்டுல நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? கோகிலத்துக்கு இன்னும் ஒடம்புக்கு ஆகலை, பச்சப் புள்ளை இருந்தா இன்ஃபெக்சன் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னேன். அவங்களும் நம்பிட்டாங்க. பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் நான்தான் வழி பண்ணோணும்.

இன்னைக்கு அந்தப் பெனிட்டாவைப் பாத்தனுங்க. அதே வராண்டா, அதே ஐஸ் பெட்டி. டாக்டர் பாத்து முடிச்சு, கோகிலம் ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுக்க உள்ள போயிருந்தா. நான் நேராப் போயி நின்னேன். ஏம்மா, கூடுதல்னு சொன்னியே, எம் பொண்டாட்டி கல்லாட்டம் இருக்கறா, அது என்ன டெஸ்ட்டும்மா உங்க டெஸ்ட்டுன்னு கேட்டேன். சத்தம் போடலைங்க, சும்மாத்தான் கேட்டேன். அது என்ற கையைப் புடிச்சுட்டு, "அங்கிள், ஆன்ட்டி நல்லாருக்காங்கன்னு லிஸ்ட்டுல பாத்தப்ப எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?"ன்னுச்சு. கூடுதலா இருந்தும் மருந்து கேட்டவங்க இன்னும் சிலபேர் இருக்கறாங்களாம். ஏன் கேட்டுச்சுன்னுதான் இப்ப அவங்க ரத்தத்தைத் திரும்பப் பாக்கறாங்களாம். அந்தப் புரோட்டீனை மட்டும் தனியா நம்ப முடியாது, வேற ஒண்ணு கூட இருக்கும்போல அங்கிள்ங்குது. "நான் அன்னைக்கே சொன்னேனே, ஒருத்தரைப் பத்தி இதை வெச்சுச் சொல்ல முடியாதுன்னு"ங்குது. சொன்னாப் போதுமா? கூடுதல்னு சொல்லிட்டு, சொல்ல முடியாதுன்னும் சொன்னா, எதைங்க எடுத்துக்கறது? என்ற மேடையில நான் அப்படிச் சொன்னா ஒரு லாரிக்காரன் விடுவானா? அதுதானுங்க எனக்கு ஆத்திரம். மத்தபடி ஒண்ணும் இல்லை.

அப்பறம் மிதுனாவுக்குப் போன் பண்ணி, அம்மாவுக்கு எல்லாம் சரியா இருக்குதாம், ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதுமாம்னு சொன்னேன். அழுகறான்னு தெரிஞ்சுது. "அம்மாகிட்டக் குடுங்கப்பா, ஒரே ஒரு வார்த்தை"ன்னா. கோகிலம் அப்பத்தான் பஞ்சை அமுக்கிப் புடிச்சுட்டு வெளிய வந்தா. போனை நீட்டுனேன். பாத்தா, வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு அக்கட்டாலப் போயி ஒக்காந்துட்டா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பத்தான் நான் மககிட்டச் சொன்னேன், "வேணும்னா நான்தான் கல்யாணத்தை அவசரப்படுத்துனேன்னு அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிரட்டுமா கண்ணு?"ன்னு. சொல்லுவனோ மாட்டனோ, கேட்டுப் பாத்தேன்.

அவ சொல்றா, "வேண்டாம்ப்பா. அம்மா எம்மேல கோவமாவே இருக்கட்டும். அவங்க பொழைக்கமாட்டாங்கன்னு நீங்களே கைவிட்டுட்டீங்கன்னு தெரிஞ்சாத் தாங்கமாட்டாங்க. நீங்க ரெண்டு பேருந்தான் ஒரே வீட்டுல இருக்கோணும்."

பாத்தீங்களா? அவளே சொல்லிட்டா. எனக்கு அப்பத்தான் ஒரு பாரம் எறங்குச்சு. எம் பொண்ணு வெவரமானவ, எப்பவும் அப்படித்தான். சரி கண்ணு, ஒடம்பைப் பாத்துக்கன்னு வெச்சுட்டேன்.

நீங்க பெருந்துறையிலதானே எறங்கோணும்? இன்னும் நேரம் இருக்குதுங்க.

மத்தியானம் கேண்டீன்ல சாப்புட்டோம். அவ மாஸ்க்கைக் கழட்டி மடிச்சுப் பக்கத்துல வெச்சுட்டு, ரொம்ப நாளைக்கப்பறம் எலைச் சோறு தின்னா. பாதியில நிறுத்திட்டு என்னைப் பாத்தா. "ஏனுங்க, ஊரே என்னைப் பொதைச்சுப்போட்டுது. எங்கண்ணன் வந்து கையைப் புடிச்சுட்டு அழுதப்பவே எனக்குத் தெரியும். வயித்துல பொறந்தவளே இருந்து பாக்கலை. நீங்க ஒருத்தர்தான் நான் பொழைப்பேன்னு அந்தக் கண்ணாடிகிட்டயே நின்னீங்க. உங்களைப் பாத்துட்டுத்தான் நான் அத்தனை ஊசியும் தாங்குனேன்"னா.

எனக்கு ஒண்ணும் தோணலைங்க. சோறு ஆறுது, சாப்புடு, வண்டிக்கு நேரமாச்சுன்னேன். அவ எலையில இருந்த வடையை எடுத்து என்ற எலையில வெச்சா. தின்னுட்டேன்.